வாக்கெடுப்பு முன்மொழிவுக் குழுவுக்கு நன்கொடை: உச்சவரம்பே இல்லையா? மலேசியாவிலிருந்து பணம் அனுப்பலாமா?

கேள்வி (ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், சுங்கை சிப்புட்)

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி மகள் அமெரிக்கக் குடியுரிமை பெற்றுக் கலிபோர்னியாவில் வாழ்கிறாள். அவள் வசிக்கும் நகரத்தில், பொது நூலகத்தின் பராமரிப்புக்காக ஒரு சிறப்பு வரி விதிக்கலாமா வேண்டாமா என்பதை வரும் தேர்தலில் மக்களே வாக்களித்து முடிவு செய்யப் போகிறார்கள். வரியை ஆதரித்துப் பரப்புரை செய்ய அக்கம்பக்கத்தார் ஒரு குழு அமைக்கிறார்கள். கணக்கில் கெட்டிக்காரி என்பதால் அவளையே பொருளாளராக இருக்கச் சொல்கிறார்களாம்.

அவள் தொலைபேசியில் சொன்ன ஒரு செய்தி என்னைக் குழப்பிவிட்டது. மாநிலச் சட்டமன்றத்துக்குப் போட்டியிடும் வேட்பாளருக்கு ஒருவர் இவ்வளவுதான் நன்கொடை தரலாம் என்று அங்கே வரம்பு இருக்கிறது. ஆனால் மக்கள் வாக்குக்கு விடப்படும் இத்தகைய முன்மொழிவுக்காகப் பரப்புரை செய்யும் குழுவுக்கு யாரும் எவ்வளவு வேண்டுமானாலும் தரலாமாம். நம் நாட்டின் 1954-ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டம், நாடாளுமன்ற வேட்பாளர் 2 இலட்சம் ரிங்கிட்டுக்கு மேலும் மாநிலச் சட்டமன்ற வேட்பாளர் 1 இலட்சம் ரிங்கிட்டுக்கு மேலும் செலவிடக் கூடாது என்கிறது. ஆளைத் தேர்ந்தெடுப்பதற்கே வரம்பு இருக்கும்போது, எல்லாரையும் கட்டுப்படுத்தப் போகும் ஒரு சட்டத்துக்கோ வரிக்கோ வரம்பில்லாமல் பணம் கொட்டலாம் என்பது எப்படி நியாயமாகும் என்பது எனக்கு விளங்கவில்லை.

சிறு குழு எந்தக் கட்டத்தில் சட்டப்படிப் பதிவு செய்ய வேண்டிய குழுவாகிறது, பொருளாளர் தலையில் என்னென்ன பொறுப்பு விழும் என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும். இங்குள்ள உறவினர் சிலர் நூலகத்துக்காக என்பதால் ஆளுக்குக் கொஞ்சம் அனுப்ப ஆசைப்படுகிறார்கள். அது கூடுமா என்பதையும் சொல்லுங்கள்.

மறுமொழி (கணக்காளர், லாஸ் ஏஞ்சலஸ், பிறந்து வளர்ந்தது லிந்தாங்)

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம். தங்கள் தம்பி மகள் சொன்னது சரிதான். காரணம் மாநிலச் சட்டமன்றத்தில் இல்லை, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது.

1976-ல் பக்லி எதிர் வலேயோ வழக்கில் அந்த நீதிமன்றம், வேட்பாளருக்குத் தரும் நன்கொடைக்கு வரம்பு விதிக்கலாம் என்று ஏற்றுக்கொண்டது. பெரும்பணம் கொடுத்தவருக்கு வேட்பாளர் பதவிக்கு வந்தபின் கைமாறு செய்வார், அல்லது செய்வார் என்று மக்கள் ஐயுறுவார்கள் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். முன்மொழிவு என்பது தாளில் எழுதிய வாசகம். அது வென்றபின் யாருக்கும் கடன்படாது, யாருடைய தொலைபேசி அழைப்பையும் எடுக்காது. எனவே ஊழல் என்ற காரணம் இங்கே பொருந்தாது என்ற வழியில் 1978-ல் பெலோட்டி வழக்கின் தீர்ப்பு அமைந்தது. மாசசூசெட்ஸ் மாநிலம் வங்கிகளும் நிறுவனங்களும் இத்தகைய வாக்கெடுப்புகளில் செலவிடுவதைத் தடுத்திருந்தது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தத் தடை செல்லாது என்றானது. 1981-ல், முன்மொழிவுக் குழுவுக்கு ஒருவர் 250 டாலருக்கு மேல் தரக் கூடாது என்று பெர்க்லி நகரம் போட்டிருந்த விதியும் விழுந்தது. அதற்குப் பின் எந்த மாநிலமும் தொகைக்கு வரம்பு வைக்க இயலவில்லை.

தங்கள் கேள்வியில் உள்ள மனக்குறையை நான் மறுக்கவில்லை. அந்த வழக்குகளில் மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதிகளும் ஏறக்குறைய அதையே கேட்டார்கள். ஆனால் அதே நீதிமன்றம் இன்னொன்றையும் சொன்னது: பணம் எங்கிருந்து வருகிறது என்பதை வாக்காளர் அறியலாம், மாநிலம் அதை வெளியிடச் சொல்லலாம். ஆகவே இந்தத் துறையின் விதிகள் முழுவதும் கணக்குக் காட்டுதல் என்ற ஒரே தூணில் நிற்கின்றன. நம் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவில் யாரும் எவ்வளவும் தரலாம், ஆனால் உபயதாரர் பெயரும் தொகையும் பலகையில் ஏறியே தீரும் என்பதைப் போன்றது இது.

பொருளாளர் பணிக்கு வருகிறேன். கலிபோர்னியாவில் 1974-ஆம் ஆண்டு அரசியல் சீர்திருத்தச் சட்டம் இதை ஆள்கிறது. அந்தச் சட்டமே மக்கள் வாக்கெடுப்பால் வந்த ஒன்று என்பது ஒரு சுவையான செய்தி. ஒரு நாட்காட்டி ஆண்டில் குழு 2,000 டாலர் நன்கொடை பெற்றுவிட்டால் அது சட்டப்படி குழுவாகிவிடும். அதிலிருந்து 10 நாட்களுக்குள் 410-ஆம் எண் படிவத்தில் அமைப்பு அறிக்கை தர வேண்டும். பொருளாளர் இல்லாமல் குழு ஒரு காசு வாங்கவும் கூடாது, செலவிடவும் கூடாது. வருவது எல்லாம் பரப்புரைக்கென்று தனியாகத் திறந்த வங்கிக் கணக்கில் சேர வேண்டும். வீட்டுக் கணக்கில் போட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். 100 டாலரோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. அந்த அளவுக்குப் பெயர் தெரியாத நன்கொடையையும் வாங்கக் கூடாது. 100 டாலரை எட்டிய ஒவ்வொருவரின் பெயர், முகவரி, தொழில், வேலை தருபவர் ஆகியவை அறிக்கையில் இடம்பெற வேண்டும். தொழில் விவரம் 60 நாட்களுக்குள் கிடைக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதுதான். வரவு செலவு முழுவதும் 460-ஆம் எண் படிவத்தில் குறித்த நாட்களில் போகும். தேர்தலுக்கு முந்தைய 90 நாட்களில் ஒருவரிடமிருந்து 1,000 டாலரோ அதற்கு மேலோ வந்தால் 24 மணி நேரத்துக்குள் 497-ஆம் எண் படிவம் தர வேண்டும். நகர அளவிலான முன்மொழிவு என்பதால் பெரும்பாலான அறிக்கைகள் நகரச் செயலாளரிடம் சேரும்.

இவற்றில் தவறு நேர்ந்தால் குழுவோடு பொருளாளரும் தனிப்பட்ட முறையில் பொறுப்பு. நேர்மையான அரசியல் நடைமுறைகள் ஆணையம் ஒவ்வொரு மீறலுக்கும் 5,000 டாலர் வரை அபராதம் விதிக்கலாம். சின்னக் குழுதானே என்ற எண்ணத்தோடு இப்பொறுப்பை ஏற்க வேண்டாம் என்று தங்கள் தம்பி மகளிடம் அவசியம் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நூலகம் என்றதும் அதன் ஊழியர்கள் ஆர்வத்தில் கை கொடுக்க வருவார்கள். பொதுப் பணத்தையும் அலுவலக நேரத்தையும் ஒரு தரப்புக்கு வாக்கு கேட்கப் பயன்படுத்தக் கூடாது என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976-ல் ஸ்டான்சன் எதிர் மாட் வழக்கில் சொல்லிவிட்டது. வரி எவ்வளவு, எதற்குச் செலவாகும் என்ற நடுநிலையான தகவலை நூலகம் தரலாம். ‘ஆதரியுங்கள்’ என்ற துண்டறிக்கையை நூலகத்தின் அச்சுப்பொறியில் எடுக்கக் கூடாது.

மறுமொழி (முன்னாள் தோட்டத் தொழிற்சங்கப் பணியாளர், கோலகங்சார்)

கணக்காளர் தம்பியின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்த ஒற்றைத் தூண் கூரையைத் தாங்குகிறது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

2020-ல் அதே கலிபோர்னியாவில் 22-ஆம் முன்மொழிவு வாக்குக்கு வந்தது. செயலி வழியே வண்டி ஓட்டுபவர்களையும் உணவு கொண்டு சேர்ப்பவர்களையும் தொழிலாளர்கள் என்று கருதாமல் தற்சார்பு ஒப்பந்ததாரர்களாக வைத்துக்கொள்ள, ஊபர், லிஃப்ட், டோர்டேஷ் முதலிய நிறுவனங்கள் 20 கோடி டாலருக்கு மேல் செலவிட்டன. எதிர்த்த தொழிற்சங்கங்கள் திரட்டியது அதில் பத்தில் ஒரு பங்கு அளவே. பணம் யாருடையது என்பது ஊரறிந்த செய்தி. படிவம் எல்லாம் ஒழுங்காகவே போயிருக்கும். முடிவில் 58 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு பெற்று அது வென்றது. பெயர் தெரிந்ததால் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? நம் தோட்டத்துப் பிள்ளைகளும் இன்று இதே வேலையைத்தான் மோட்டார் சைக்கிளில் செய்துகொண்டிருக்கிறார்கள். அதனால்தான் அந்தச் செய்தியை அப்போது விடாமல் படித்தேன்.

உபயதாரர் பலகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் எத்தனை வரிகளில் ‘ஒரு பக்தர்’ என்று எழுதியிருக்கிறது என்பதை யாராவது எண்ணிப் பார்த்ததுண்டா? அங்கேயும் அறக்கட்டளை, நலச் சங்கம், குடிமக்கள் கூட்டமைப்பு என்று நல்ல நல்ல பெயர்களில் பணம் வந்தால், அதன் பின்னால் இருப்பவரைப் பலகை காட்டுமா?

மறுமொழி (கணக்காளர், லாஸ் ஏஞ்சலஸ்)

அண்ணன் கேட்ட இரண்டாவது கேள்விதான் இந்தத் துறையின் மையம். ‘ஒரு பக்தர்’ யார் என்பதைக் கண்டுபிடிக்கும் போராட்டமாகவே கடந்த சில ஆண்டுகளின் விதிகள் எல்லாம் வந்திருக்கின்றன.

2012-ல் கலிபோர்னியாவின் இரண்டு முன்மொழிவுகள் தொடர்பான பரப்புரைக்கு அரிசோனாவிலிருந்து ஓர் அமைப்பு 1 கோடியே 10 இலட்சம் டாலர் அனுப்பியது. யார் பணம் என்று ஆணையம் நீதிமன்றம் வரை சென்று கேட்டபோது, தேர்தலுக்கு முந்தைய நாள் அந்த அமைப்பு வாய் திறந்தது. அதன் பின்னால் இரண்டாவது அமைப்பு, அதற்குப் பின்னால் மூன்றாவது அமைப்பு என்று சங்கிலி நீண்டது. மறு ஆண்டு அவற்றுக்கு 10 இலட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. வாஷிங்டன் மாநிலத்தில் 2013-ல் மரபணு மாற்றிய உணவுக்கு முத்திரை வேண்டும் என்ற 522-ஆம் முன்மொழிவை எதிர்த்து, மளிகைப் பொருள் உற்பத்தியாளர் சங்கம் தன் உறுப்பு நிறுவனங்களிடம் தனி நிதி திரட்டி, அந்த நிறுவனங்களின் பெயர் வெளியே வராதபடி சங்கத்தின் பெயரிலேயே செலவிட்டது. 2016-ல் நீதிமன்றம் விதித்த அபராதம் 1 கோடியே 80 இலட்சம் டாலர். மேல்முறையீடுகள் ஆண்டுக்கணக்கில் நடந்து, இறுதியில் அதில் பாதித் தொகைக்குச் சமரசம் ஆயிற்று. ஆனால் இரண்டு வழக்கிலும் தண்டனை வந்தது வாக்கு எண்ணி முடித்த பிறகுதான் என்பதை அண்ணனுக்காக நானே சொல்லிவிடுகிறேன்.

அதனால்தான் இப்போது தகவலை அரசுக் கோப்பிலிருந்து விளம்பரத்துக்கே கொண்டுவந்திருக்கிறார்கள். 2018 முதல் கலிபோர்னியாவில் முன்மொழிவு பற்றிய விளம்பரத்தில், 50,000 டாலரோ அதற்கு மேலோ தந்தவர்களில் முதல் மூவரின் பெயர் படிக்கும்படியான எழுத்தில் இருக்க வேண்டும்.

பணம் எப்போதும் வெல்லும் என்பதையும் நான் ஏற்கவில்லை. 2022-ல் இணையவழி விளையாட்டுச் சூதாட்டத்தை அனுமதிக்கும் 27-ஆம் முன்மொழிவுக்குச் சூதாட்ட நிறுவனங்கள் கோடிக்கணக்கில் கொட்டியும், ஆறில் ஐந்து பங்குக்கும் நெருக்கமான வாக்காளர்கள் அதை நிராகரித்தார்கள். ஆனால் அங்கே எதிர்த் தரப்பிலும் சூதாட்ட விடுதி நடத்தும் பழங்குடியினரின் பெரும்பணம் இருந்தது. 22-ஆம் முன்மொழிவில் அது இல்லை. ஆகவே அண்ணனின் வாதத்துக்கு இது பாதி விடைதான்.

வாசகம் யாருக்கும் கைமாறு செய்யாது என்ற நியாயம் முற்றிலும் உடைகிற இடம் ஒன்று உண்டு. வேட்பாளர் ஒருவரே ஒரு முன்மொழிவுக் குழுவைத் தன் கட்டுப்பாட்டில் நடத்தினால், தனக்கு வரம்பை மீறி வாங்க முடியாத பணத்தை அந்தக் குழுவுக்கு வாங்கி, தன் முகத்தைப் போட்டே விளம்பரம் செய்யலாம். 2004-ல் ஆணையம் இதற்கு வரம்பு வைத்து விதி கொண்டுவந்தது. அப்படி விதி செய்ய ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006-ல் அதை நீக்கிவிட்டது. எனக்கு இது பெரிய ஓட்டையாகவே படுகிறது.

கேள்வி கேட்டவர் (சுங்கை சிப்புட்)

நீண்ட விளக்கத்துக்கு நன்றி. இங்கிருந்து பணம் அனுப்புவது பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. என் மைத்துனர் ஒரு யோசனை சொல்கிறார்: நேராகக் குழுவுக்கு அனுப்புவதில் சிக்கல் இருந்தால், பெரியப்பா தந்த தீபாவளி அன்பளிப்பு என்று தம்பி மகளின் கணக்கில் போட்டுவிட்டு, அவள் தன் பெயரில் குழுவுக்குச் செலுத்தலாமே என்கிறார். தொகை சில நூறு ரிங்கிட்தான். மேலும், குழுவில் சேராமல் ஒருவர் தன் சொந்தப் பணத்தில் நூறு துண்டறிக்கை அடித்து வீடு வீடாகக் கொடுத்தால் அவரும் கணக்குக் காட்ட வேண்டுமா என்று அவள் கேட்கிறாள்.

மறுமொழி (வழக்கறிஞர், ஈப்போ)

ஆசிரியர் ஐயா, தங்கள் மைத்துனரின் யோசனையைத் தயவுசெய்து கைவிடச் சொல்லுங்கள். உண்மையில் பணம் தருபவர் ஒருவர், ஏட்டில் பெயர் இன்னொருவர் என்பதைக் கலிபோர்னியாச் சட்டம் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது. அரிசோனாவிலிருந்து சங்கிலியாக வந்த பணத்துக்கும் இந்தத் தீபாவளி அன்பளிப்புக்கும் தொகையில்தான் வேறுபாடு. உறவினர் மனமுவந்து தருகிற உண்மையான அன்பளிப்பு வேறு. குழுவுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று பேசிவைத்து அனுப்புவது வேறு. இதில் முதலில் அகப்படுபவர் பொருளாளராகவும் இருக்கிற தங்கள் தம்பி மகளே.

நேராக அனுப்புவதும் கூடாது. வெளிநாட்டவர் பணத்தைப் பற்றிய கூட்டரசுச் சட்டம், அதிபர் தேர்தல் முதல் நகரமன்றத் தேர்தல் வரை எந்த வேட்பாளர் தேர்தலிலும் அதைத் தடுக்கிறது. ஆனால் முன்மொழிவு வாக்கெடுப்பு என்பது அந்தச் சட்டம் சொல்லும் ‘தேர்தல்’ ஆகாது என்ற நிலைப்பாட்டைக் கூட்டரசுத் தேர்தல் ஆணையம் எடுத்தது. 2018-ல் மொன்டானா மாநிலத்தில் சுரங்கம் பற்றிய ஒரு முன்மொழிவில் வெளிநாட்டு நிறுவனத்தோடு தொடர்புடைய பணம் செலவானதாக வந்த புகாரை அந்த அடிப்படையில்தான் 2021-ல் அது முடித்துவைத்தது. ஆகவே இவ்விஷயத்தில் ஒவ்வொரு மாநிலமும் தன் கதவைத் தானே பூட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மேய்ன் மாநிலத்தில், கனடாவின் கியூபெக் மாகாண அரசுக்குச் சொந்தமான மின் நிறுவனம் மின்பாதை பற்றிய வாக்கெடுப்பில் பெரும்பணம் செலவிட்டதைக் கண்டு சலித்த மக்கள், 2023-ல் வெளிநாட்டு அரசுகளின் பணத்தைத் தடுக்கும் சட்டத்தைப் பெரும்பான்மை வாக்கில் கொண்டுவந்தார்கள். ஒஹாயோ 2024-ல் தடை போட்டது. கலிபோர்னியாவில் முன்மொழிவுகளுக்கும் இந்தத் தடை ஏற்கெனவே உண்டு. அமெரிக்கக் குடிமகன் அல்லாத, அந்நாட்டுக்கு வெளியே வாழ்கிற தனிநபரும் அதில் அடங்குவார். மீறினால் தந்த தொகைக்கு ஈடான அபராதமும் குற்றப்பதிவும் வரும். அங்கே நிரந்தர வசிப்புரிமை பெற்று வாழ்பவர்களுக்குத் தடை இல்லை. சுங்கை சிப்புட்டில் இருக்கிற தங்களுக்கு அந்த விலக்கு பொருந்தாது.

துண்டறிக்கை பற்றி: 1988-ல் ஒஹாயோவின் வெஸ்டர்வில் ஊரில் மார்கரெட் மெக்கின்டயர் என்ற பெண்மணி, பள்ளிக்கான வரியை எதிர்த்துத் தன் பெயர் போடாத துண்டறிக்கைகளைக் கூட்டத்தில் கொடுத்தார், 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அவர் மறைந்த பிறகு, 1995-ல் உச்ச நீதிமன்றம் அந்த அபராதத்தை நீக்கி, தனியொருவர் தம் கருத்தைப் பெயரின்றி அச்சிட்டுத் தரும் உரிமையைக் காத்தது. கலிபோர்னியாவிலும், யாரோடும் ஒருங்கிணையாமல் தன் பணத்தில் ஓர் ஆண்டில் 1,000 டாலருக்குக் குறைவாகச் செலவிடுபவர் அறிக்கை தர வேண்டியதில்லை. ஆனால் பொருளாளராக இருப்பவர் ‘நான் தனியாள்’ என்று சொல்லித் துண்டறிக்கை அடிக்க முடியாது. அந்தச் செலவு குழுவின் கணக்கில்தான் ஏறும்.

நம் நாட்டைப் பற்றி ஐயா முதலில் எழுதியதற்கு ஒரு திருத்தம் அல்ல, ஒரு நீட்சி. அந்த 2 இலட்சமும் 1 இலட்சமும் வேட்பாளருக்கே. கட்சி தன் பெயரில் செய்யும் பொதுப் பரப்புரைச் செலவுக்கு அச்சட்டத்தில் உச்சவரம்பு இல்லை. முடிவு அரசிதழில் வெளியான 31 நாட்களுக்குள் வேட்பாளர் தரப்பு செலவுக் கணக்கு தர வேண்டும். ஆனால் கட்சிக்கு நன்கொடை தந்தவர் யார் என்று மக்களுக்கு வெளியிடக் கட்சியைக் கட்டாயப்படுத்தும் ஏற்பாடு அதில் இல்லை. 2015-ல் 260 கோடி ரிங்கிட் ‘நன்கொடை’ பற்றிய செய்தி வெடித்தபின் அரசு அமைத்த ஆலோசனைக் குழு, மறு ஆண்டு 32 பரிந்துரைகளை வைத்தது. அரசியல் நிதிக்கான தனிச் சட்டம் என்ற பேச்சு அதற்குப்பின் வந்த ஒவ்வோர் ஆட்சியிலும் எழுந்தது, அடங்கியது. அங்கே வரம்பு இல்லை, பெயர் உண்டு. இங்கே வேட்பாளர் அளவில் வரம்பு உண்டு, கட்சி அளவில் பெயர் இல்லை. எது மேல் என்று என்னைக் கேட்டால், பெயர் இருக்கும் இடத்தில் வழக்காவது போட முடிகிறது என்பேன்.

மறுமொழி (முன்னாள் தோட்டத் தொழிற்சங்கப் பணியாளர், கோலகங்சார்)

வழக்கறிஞர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நூலக வரிக்கு மக்களே வாக்களிக்கிறார்கள் என்பதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. நம் பகுதியில் மதிப்பீட்டு வரியை நகராண்மைக் கழகம் உயர்த்தினால் நாம் ஆட்சேபக் கடிதம் எழுதலாம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அந்தக் கவுன்சிலர்களையும் நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஊராட்சித் தேர்தல்கள் 1965-ல் நிறுத்தப்பட்டு, 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தோடு அடியோடு போயின. பினாங்கு அவற்றைத் திரும்பக் கொண்டுவர இயற்றிய சட்டத்தையும் 2014-ல் கூட்டரசு நீதிமன்றம் ஏற்கவில்லை. பணத்தின் ஆதிக்கத்தைப் பற்றிய என் குறை அப்படியே இருக்கிறது. ஆனாலும் குறை சொல்வதற்கு அவர்களுக்கு ஒரு வாக்கெடுப்பாவது இருக்கிறது.

மறுமொழி (கணக்காளர், லாஸ் ஏஞ்சலஸ்)

ஆசிரியர் ஐயாவுக்குக் கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. 410-ஆம் எண் படிவத்தில் துணைப் பொருளாளர் ஒருவரின் பெயரையும் சேர்க்க இடம் உண்டு. தங்கள் தம்பி மகள் ஊருக்கு விடுமுறையில் வந்திருக்கும் நாளில் 24 மணி நேர அறிக்கை தர வேண்டி வந்தால் கையெழுத்திட ஆள் வேண்டும். நகரங்கள் தங்கள் சொந்த விதிகளையும் வைத்திருக்கக்கூடும் என்பதால், முதல் நன்கொடையை வாங்குவதற்கு முன்பே நகரச் செயலாளர் அலுவலகத்தில் பரப்புரைக் கணக்குக் கையேட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.